இரண்டு பத்திலிருந்து மூன்று ஐந்து வரை

வீடியோ அழைப்பில் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. திரையின் ஓரத்தில் தெரியும் தங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் முதல் நாளே என் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் அதைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் எதிரில் இருப்பவர் எப்போது எச்சில் விழுங்குகிறார், எப்போது அவர் கண் வேறு பக்கம் போகிறது என்பதெல்லாம் எனக்குத் தப்பாமல் தெரியும். வழிகாட்டி வேலையில் இருப்பவனுக்கு அது பெரிய அனுகூலம்.

உங்கள் மூவர் விசாரணைக் குழு அனுப்பிய கடிதம் கிடைத்தது. நோயாளியின் மரணத்துக்கும் வழிகாட்டிக்கும் தொடர்பில்லை, தன் கைபேசிக்கு வந்த செய்திகள் எல்லாவற்றையும் அந்த வழிகாட்டி மதியம் மூன்று ஐந்துக்குத்தான் திறந்து பார்த்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மரியாதையான வாசகங்கள். ஆனால் விஷயம் அப்படியில்லை. அரைகுறையாகத் தைத்த வயிற்றைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு எப்போதும் மனம் வந்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வலது கை ஐந்து வருடம் முன்னால் நடுங்க ஆரம்பித்தது. பெரிய நடுக்கம் இல்லை. தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனால் அறுவை அரங்கில் அது போதும். இருபத்தாறு வருடம் பேராசிரியராகவும் கத்தி பிடித்தவனாகவும் இருந்தவனை ஒரு மாலையும் கைதட்டலும் கொடுத்து, தரைத்தளத்தில் பழைய கோப்புகள் வைத்திருந்த அறைக்கு அனுப்பினார்கள். ஒரு மேசை, ஒரு கணினி, கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். மின்சாரம் போனால் அது உறுமும், நான் பேசுவது எனக்கே கேட்காது. கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடியைத் தூக்கித் தள்ள வேண்டும். கை நடுங்கும் நாட்களில் அதற்கும் ஆள் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த அறையில் எனக்குக் கொடுத்த வேலைதான் இந்த வழிகாட்டுதல் திட்டம். வெவ்வேறு மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிகளையும் பார்த்து மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர்களுக்கு, வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து ஒருவர் திரை வழியாகத் துணை நிற்பது. ஒரே இடமாக இருந்தால் போட்டி, பொறாமை, புறம் பேசுதல் வரும் என்று வேண்டுமென்றே தூரத்தில் இணைப்பார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு, நாற்பத்தைந்து நிமிடம். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் அம்மாள் வந்தார். எதற்கெடுத்தாலும் சிரிப்பார், நாங்கள் அவருக்குச் சிரிப்பு டீச்சர் என்று பெயர் வைத்தோம். அவர் இரண்டு விதிகளைத் தலையில் அடித்துச் சொன்னார். ஒன்று, வழிகாட்டி பதில் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். இரண்டு, குறிப்பிட்ட நோயாளியைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அதற்கு அந்தந்த மருத்துவமனையில் மூத்தவர்கள் இருக்கிறார்கள். முதல் விதியை நான் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தேன். இரண்டாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் வந்தவர் நாற்பத்தொரு வயது அறுவை சிகிச்சை இணைப் பேராசிரியர். அவருடைய மருத்துவமனையில் அவருக்குச் 'சட்டுபுட்டு' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் சட்டுபுட்டுன்னு முடிச்சுடலாம் என்பாராம், சொன்னபடி முடித்தும் விடுவாராம். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ஆள். அவர் அனுப்பிய விவரங்களைப் பார்த்தேன். இருபது வருடத்தில் நான் பார்த்த நல்ல கைகளில் அவருடையது ஒன்று. இதைப் பொறாமையில்லாமல்தான் சொல்கிறேன்.

அவருக்கு இருந்த குறை சின்னது. நோயாளியின் படுக்கையருகே மாணவர்கள் நின்றால் அவரே கேள்வி கேட்டு, அவரே பதிலும் சொல்லி, அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். மாணவர்கள் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில், மேடம் யோசிக்கிறதே கண்ணுக்குத் தெரியலை என்று குறைபட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்யத்தான் வந்தார். நான் அவருக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். பதில் வாய்வரை வந்ததும் நிறுத்துங்கள், மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள், வேறு என்னவாக இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்கே மாதத்தில் மாணவர்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாடினார்கள். திட்டத்தின் ஆண்டு அறிக்கையில் எங்கள் ஜோடியைப் பற்றி அரைப் பக்கம் போட்டார்கள். இதுவரை நடந்ததில் ஒரு குற்றமும் இல்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

ஐந்தாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, முடியும் நேரத்தில், சும்மா பேச்சுவாக்கில் ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்டார். கல்லீரல் பக்கத்தில் ஒரு கட்டி, எந்தப் பக்கமிருந்து நுழைவது என்று அவருக்கு இரண்டு மனம். விதிப்படி நான் தடுத்திருக்க வேண்டும். நான் ஸ்கேன் படத்தைக் காட்டச் சொன்னேன். திரையில் படம் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அன்று மாலை வீட்டில் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தேன், சத்தம் வரவில்லை. என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் கேள்வி கேட்டதுதான். சந்திப்புகளின் பதிவுகளைப் போட்டுப் பாருங்கள், ஒரு தவறான ஆலோசனைகூட நான் சொல்லியிருக்க மாட்டேன். அவர் ஓர் அறுவையை நன்றாக முடித்துவிட்டுச் சொல்லும்போது, ரொம்ப நல்லது, ஆனா அது நீங்க யோசிச்சு எடுத்த முடிவா, இல்ல நல்ல நேரமா என்று கேட்பேன். நோயாளி நடந்து வீட்டுக்குப் போயிருப்பார். இவர் அதே நோயாளியைப் பற்றி அடுத்த பதினைந்து நாளும் தூங்காமல் யோசிப்பார். முதலில் வாதாடினார். பிறகு மென்று விழுங்கினார். பிறகு நான் கேட்பதற்கு முன்பே அவரே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார். மாணவர்கள் முன்னால் ஐந்துவரை எண்ணச் சொல்லிக்கொடுத்திருந்தேன் அல்லவா, இப்போது கத்தியைக் கையில் வைத்துக்கொண்டும் எண்ணுகிறேன் சார் என்றார். நான் நல்ல முன்னேற்றம் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், சந்தேகம் வந்தால் அப்போதே செய்தி அனுப்பலாம் என்றும் நான்தான் சொன்னேன். அவர் தன் துறைத் தலைவரிடமோ கூட வேலை பார்ப்பவர்களிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். அதை நிறுத்தச் சொன்னேன். பதவி உயர்வு நெருங்கும் நேரம், அங்கே கேட்டால் உங்கள் பலவீனமாகத் தெரியும், நான் வெளியூர்க்காரன், என்னோடு போய்விடும் என்று விளக்கினேன். நியாயமான பேச்சு. அவர் நம்பினார். முதலில் வாரத்துக்கு ஒன்று வந்தது. ஒரு வருடம் ஆனபோது நாளைக்கு ஏழெட்டு வந்தது. மருந்தின் அளவு, தையலின் நூல், நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்று எல்லாம். அரங்கில் நர்ஸ் ஒருவர் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பாராம். அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது, சிரித்து மழுப்பினார்.

என் மனைவி பல் மருத்துவர். வீட்டின் முன்னறையில்தான் அவளுடைய கிளினிக். நான் வீட்டிலிருந்து பேசும் நாட்களில் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். ஒரு நாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அந்தப் பொண்ணு கேக்கறதுக்கு நீங்க பதில் சொல்லவே மாட்டேங்கிறீங்க. கொக்கிதான் போடறீங்க."

அப்படித்தான் செய்ய வேண்டும், அதுதான் முறை என்று சொன்னேன்.

"முறைங்கிறீங்க. அவங்க குரல் போன வருஷம் இப்படி இல்லீங்க. எங்கிட்ட பல்லு பிடுங்க வர்றவங்ககூட இவ்வளவு பயந்து பேசறதில்ல. விட்டுடுங்க அவங்கள."

அதற்குப் பிறகு நான் வீட்டிலிருந்து பேசுவதில்லை. கல்லூரி அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். இதை அவள் மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை. அவள் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது, ஆனால் அந்தக் குரல் பயப்படுவது நோயாளிகளுக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

அவர் எழுதி அனுப்பிய குறிப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திட்டத்தில் சேர்ந்தவர்கள் தங்கள் தவறுகளையும் தயக்கங்களையும் எழுதி வழிகாட்டிக்கு மட்டும் அனுப்ப வேண்டும், படித்ததும் அழித்துவிட வேண்டும். அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதுவார். எந்த நோயாளிக்கு எந்த ரத்தக்குழாய் தவறுதலாக வெட்டுப்பட்டது, எப்போது மாணவரை நோகடித்தார், எந்த நாள் காரில் உட்கார்ந்து அரை மணி நேரம் இறங்காமல் இருந்தார். நான் எதையும் அழிக்கவில்லை. மிரட்டுவதற்காக அல்ல. ஒரு வார்த்தை மிரட்டியதில்லை. பதினெட்டு மாதம் முடிந்து, திட்டத்தின்படி வேறு வழிகாட்டிக்கு மாற வேண்டிய நேரம் வந்தபோது, அவர் தயங்கித் தயங்கி மாறலாமா என்று கேட்டார். நான் தாராளமாக மாறுங்கள் என்றேன். பிறகு, நீங்க எழுதினதெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு, அதை நினைச்சுக் கவலையே படாதீங்க என்றேன். திரையில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. இல்ல சார், நாமளே தொடரலாம் என்றார். அது அவராக எடுத்த முடிவு. என் கையில் அன்றும் நடுக்கமில்லை.

நான் அவரை அடைத்துவைத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதே அடைப்பில்தான் இருந்தேன். செய்தி வராத மதிய நேரங்களில் ஜெனரேட்டரையும் கம்பியையும் பார்த்துக்கொண்டு, நடுங்கும் கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் நானே ஏதாவது பிரச்சினையா என்று கேட்டு அனுப்பினேன். இல்ல சார், குழந்தையோட கடற்கரைக்கு வந்தேன் என்று பதில் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் குழந்தைக்கு எட்டு வயது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சம்பவத்துக்கு முந்தைய வாரம் அவருக்குப் பிரிவுத் தலைவர் பொறுப்பு உறுதியானது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு நீண்ட செய்தி அனுப்பினார். எல்லாவற்றுக்கும் நன்றி, இனி தானே நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது, வரும் வெள்ளிக்கிழமையைக் கடைசிச் சந்திப்பாக வைத்துக்கொள்ளலாமா, அந்தக் குறிப்புகளை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று இருந்தது. கடைசி வரியை நான் எதிர்பார்க்கவில்லை. சரி, வெள்ளிக்கிழமை பேசலாம் என்று பதில் போட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. அந்த நோயாளி பள்ளி வேன் ஓட்டும் பெண், முப்பத்தாறு வயது. முந்தைய நாள் குடலில் ஓர் அறுவை, நன்றாகவே முடிந்திருந்தது. மதியம் இரண்டு பத்துக்கு என் கணினித் திரையின் மூலையில் செய்தி வந்தது. இங்கேதான் உங்கள் கடிதத்தில் பிழை. கைபேசியில் நான் திறந்தது மூன்று ஐந்துக்குத்தான். ஆனால் செய்தி கணினியிலும் வரும். மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் முழுதாகப் படிக்கலாம். படித்ததாக அனுப்பியவருக்குத் தெரியாது. நான் எப்போதுமே அப்படித்தான் படிப்பேன், எப்போது பதில் சொல்வது என்பதை நிதானமாக முடிவுசெய்ய வசதி.

"சார், நேத்து பண்ண கேஸ். பல்ஸ் 124, பிரஷர் 90. டிரெயின் டியூப்ல ஒண்ணும் வரல. வயிறு லேசா உப்புது. திரும்பத் திறக்கலாம்னு நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

உள்ளே ரத்தம் கசிகிறது. மூன்றாம் வருட மாணவனுக்குத் தெரியும். வடிகுழாயில் ஒன்றும் வரவில்லை என்றால் ரத்தம் இல்லை என்று அர்த்தமில்லை, உறைந்த கட்டி குழாயை அடைத்திருக்கிறது. இதை அவரே தன் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறார். பழைய சட்டுபுட்டுவாக இருந்திருந்தால் செய்தி அனுப்பும் நேரத்தில் வயிற்றைத் திறந்திருப்பார். நான் அந்தப் பெட்டியிலேயே 'உடனே திறங்க' என்று தட்டினேன். அனுப்பவில்லை. விரல் அந்தப் பொத்தானின் மேல் இருந்தது, சற்றும் ஆடவில்லை. வெள்ளிக்கிழமை இல்லாமல் தனியாக நடக்கப் போகிறவர் இப்போதே நடந்து பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. இல்லை, அதுகூடப் பூசி மெழுகுவதுதான். இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இருந்தேன்.

இரண்டு இருபத்து நான்குக்கு, "சார்?" என்று வந்தது. இரண்டு முப்பத்தொன்றுக்கு அழைப்பு வந்தது. மேசையில் கைபேசி அதிர்ந்து ஓரம்வரை நகர்ந்தது. விழாமல் பிடித்து நடுவில் வைத்தேன், எடுக்கவில்லை. பிறகு மூன்று முறை அடித்தது. மயக்க மருந்து டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார், இரண்டே காலுக்கே மேசை தயார், நோயாளியும் அரங்க வாசலில் இருந்தார், மேடம் கைகழுவும் தொட்டியருகே கைபேசியோடு நின்று ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்று. அந்த ரெண்டு நிமிஷங்கள் எல்லாம் என்னுடையவை. அந்தப் பெண்ணின் கணவர் தாழ்வாரத்தில் மனைவியின் செருப்பை ஒரு பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை உங்கள் அறிக்கையில்தான் படித்தேன். அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கடைசிச் செய்தி.

"கோவமா சார்? வெள்ளிக்கிழமை கடைசின்னு சொன்னது தப்புதான். நான் எங்கயும் போகல. சொல்லுங்க சார், திறக்கட்டுமா?"

அதைப் பல முறை படித்தேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேர் கண்ணீரோடு என் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி எதுவும் இதற்கு ஈடாகாது. மூன்று ஐந்துக்குக் கைபேசியை எடுத்தேன். கணினிப் பெட்டியில் தட்டிவைத்திருந்த 'உடனே திறங்க' அப்படியே இருந்தது. அதை அழித்தேன். 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கைபேசியில் எழுதி அனுப்பினேன்.

அந்தப் பதிலை அவர் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு மயக்க மருந்து டாக்டரே படுக்கையை உள்ளே தள்ளிவிட்டார், இவர் பின்னாலேயே ஓடியிருக்கிறார். திறந்தபோது வயிறு முழுக்க ரத்தம். மூன்று இருபதுக்கு இதயம் நின்றது. முக்கால் மணி நேரம் முன்னால் என்றால் ஒரு முடிச்சு போட்டால் தீர்ந்திருக்கும். அன்று சாயங்காலம் அழைத்தார். எடுத்தேன். "நான் எங்க தப்பு பண்ணேன் சார்?" என்றார். நாளைக்கு நம் நேரத்தில் பேசலாம் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு இணைப்பில் வந்தார், படம் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நாற்பத்தைந்து நிமிடமும் நான் பேசினேன். அதற்குப் பிறகு வரவில்லை. செய்தி இல்லை. என் கை இப்போது சட்டைப் பொத்தான் போட முடியாத அளவுக்கு ஆடுகிறது. இதை என் மனைவிதான் தட்டச்சு செய்கிறாள்.

உங்கள் கடிதத்தோடு அவருடைய வாக்குமூலத்தின் நகலும் வந்திருந்தது. நான்கு பக்கம். தெளிவான கையெழுத்து. தாமதம் முழுக்கத் தன்னுடையது, வேறு யாரும் பொறுப்பில்லை, இனி கத்தியைத் தொடப் போவதில்லை என்று எழுதியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிட்டார். நான்கு பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இருமுறை தேடிப் பார்த்தேன். இதைத் திருத்தும்படி உங்கள் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவருக்குத் தானாக வரக்கூடியது இல்லை. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.